செஃபலூவில் ஒரு வாரம்: குடும்பத்தோடு சிசிலிக் கடற்கரைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

சுற்றுலாத் திட்டத்தை எல்லோரும் காலை ஆறு மணியிலிருந்து போடுவார்கள். மத்தியதரைக் கடலோர ஊருக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பிற்பகல் ஒரு மணியிலிருந்து போட வேண்டும் என்பது என் கட்சி. அங்கே ஒரு மணிக்குக் கடைகளின் ஷட்டர்கள் இறங்கும். இரண்டரை மணிக்கு உணவகத்தின் அடுப்பு அணையும். இரவு ஏழரைக்கு முன் மறுபடி எரியாது. தலைக்கு மேல் வெயில். அந்த நேரத்தில் தெருவில் பசித்த குழந்தையோடும் முழங்கால் வலிக்கிற அம்மாவோடும் ‘இன்னும் மூன்று இடம் பாக்கி’ என்ற பட்டியலோடும் நின்றால் என்ன ஆகும் என்பதை முதல் பயணத்தில் நன்றாகவே தெரிந்துகொண்டோம். இரண்டாம் முறை அதே ஊருக்கே போனோம். ஒன்று முதல் நாலரை வரை எங்கே இருப்போம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றதை அதைச் சுற்றி அடுக்கினோம். சண்டை பாதியாகக் குறைந்தது.

ஊரின் பெயர் செஃபலூ. ‘செட்டி’யில் வருகிற ‘செ’. அழுத்தம் கடைசி ‘லூ’வில். சிசிலித் தீவின் வட கரையில், பலேர்மோ நகரிலிருந்து கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர். பதினான்காயிரம் பேர் அளவில் வாழும் சின்ன ஊர். முதுகுக்குப் பின்னால் 270 மீட்டர் உயரத்தில் ஒற்றைப் பாறை, அதன் மடியில் பழைய ஊர், அதை ஒட்டி மேற்கே நீண்ட மணல் கடற்கரை. மத்தியதரைக் கரையில் அழகான ஊர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பலவற்றில் கடற்கரை என்பது கூழாங்கல்தான், இறங்க நூறு படி. இங்கே மணல். நீர் நெடுந்தூரம் ஆழமில்லாமல் போகிறது. ரயில் நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் எல்லாம் வந்துவிடும், கார் வேண்டாம். பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் முதல் முறை போகிறவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

முதலில் மாதம்

இத்தாலியப் பள்ளிகளுக்கு ஜூன் நடுவில் தொடங்கும் விடுமுறை செப்டம்பர் நடு வரை நீளும். ஆகஸ்டில் நாடே கடற்கரைக்குக் குடிபெயர்ந்துவிடும். ஆகஸ்ட் 15 ‘ஃபெர்ராகோஸ்தோ’ விடுமுறை. அந்த வாரத்தில் வாடகை உச்சம், மணலில் துண்டு விரிக்க இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். வெப்பமும் விளையாட்டல்ல. 2021 ஆகஸ்ட் 11 அன்று இதே தீவின் தென்கிழக்கில், சிரகூசாவுக்கு அருகே 48.8 டிகிரி பதிவானது. ஐரோப்பாவில் அளந்து உறுதி செய்யப்பட்டவற்றில் அதுவே உச்சம். செஃபலூவில் கடற்காற்று உண்டு, அந்த அளவுக்குப் போகாது. ஆனால் ஆப்பிரிக்கப் பக்கமிருந்து ‘ஷிரோக்கோ’ என்ற வெக்கைக் காற்று வீசும் நாளில் நம் அக்கினி நட்சத்திரம் நினைவுக்கு வரும்.

நாங்கள் முதலில் போனது மே மாதம். நம் பள்ளிகளுக்கு அப்போதுதானே விடுமுறை. வானம் நீலம், எங்கும் பூ, கூட்டமே இல்லை. கடல் மட்டும் பனிக்கட்டி. மே மாதத்தில் அங்கே கடல்நீர் 18, 19 டிகிரிதான். முழங்கால் அளவு இறங்கிய என் மகள் கத்திக்கொண்டே வெளியே ஓடிவந்தவள், அந்த வாரம் முழுவதும் மணல்வீடு மட்டுமே கட்டினாள். குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறையே சரி. செப்டம்பர் கடைசியில், கோடை முழுவதும் சூடேறிய கடல் 24 டிகிரியில் இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும், வாடகை இறங்கியிருக்கும். நடுவே ஓர் இடிமழை வரலாம், வந்த வேகத்தில் போய்விடும். பள்ளியில் நாலைந்து நாள் கூடுதலாக விடுப்புக் கேட்க வேண்டியிருக்கும். அது உங்கள் சாமர்த்தியம். ஐரோப்பாவில் வாழ்கிறவர்கள், பள்ளிக்குப் போகாத குழந்தை இருந்தால், ஜூன் முற்பகுதியையோ செப்டம்பரையோ பிடியுங்கள்.

ஆகஸ்ட்தான் முடியும் என்றால் ஒரே ஆறுதல்: ஆகஸ்ட் 2 முதல் 6 வரை ஊர்க் காவலரான மீட்பர் இயேசுவின் திருவிழா. ஆறாம் தேதி துறைமுகத்தில் ‘ந்தின்னா அ மாரி’. நம் வழுக்குமரம்தான், ஆனால் படுத்த வாக்கில், கடலுக்கு மேலே நீட்டியிருக்கும். வழவழப்புப் பூசிய மரத்தில் இளைஞர்கள் ஓடி, நுனியில் இருப்பதைப் பறிக்கப் பார்ப்பார்கள். பெரும்பாலும் தண்ணீரைத்தான் பறிக்கிறார்கள்.

விசாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். 15 நாள் என்பது சட்டப் புத்தகத்துக் கணக்கு. மூன்று மாதத்துக்கு முன் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டுக்குள் 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம். வழியில் பாரிசில் இரண்டு நாள் நிற்பதால் பிரான்சிடம் போகக் கூடாது.

குடும்பங்கள் சறுக்குகிற இடங்கள் இரண்டு. வீட்டு முன்பதிவுச் சீட்டில் ஒருவர் பெயர் மட்டும் இருக்கும். ஐந்து பேர் பெயரும் அதில் வரும்படி வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துப் போனால், வராத பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் தேவை.

வீடு: இதில்தான் வாரம் நல்லதாவதும் கெடுவதும்

ஹோட்டல் வேண்டாம், சமையலறை உள்ள வீடாக எடுங்கள். பிற்பகல் மூன்றரை மணி நேரம் எங்கே இருப்பது என்ற கேள்விக்கு அதுதான் விடை. கதவைச் சாத்தி, மர ஜன்னலை இறக்கி, சோறு சாப்பிட்டுப் படுத்தால், மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் புது மனிதர்கள்.

முதல் பயணத்தில் ‘கடல் தெரியும் வீடு’ என்ற ஒரு வரியில் மயங்கிப் பழைய ஊரில் ஒரு வீட்டைப் பிடித்தேன். கடல் தெரிந்தது உண்மை. நான்காம் தளத்திலிருந்து தெரிந்தது. லிஃப்ட் கிடையாது. குறுகலான கல்படி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்குப் பாதி. என் அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. முதல் நாள் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறி வந்தவர் ஜன்னலைத் திறந்து, “கடலை இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்வாருங்கள்” என்று சொல்லிவிட்டார். ஐந்து நாள் அவர் இறங்கியது நான்கே முறை. ஆகவே வீடு தேடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை படி? ‘முதல் தளம்’ என்ற பதிலோடு நிறுத்தாதீர்கள். எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். ‘அஷென்சோரே’ என்றால் லிஃப்ட்.

இரண்டாவது, தண்ணீர். 2024இல் சிசிலியில் கடும் வறட்சி வந்து, சில நகரங்களில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். பல வீடுகளில் தொட்டி உண்டு. “தொட்டி இருக்கிறதா, எத்தனை லிட்டர்?” என்று கேட்க நமக்கா தயக்கம்? கேளுங்கள்.

மூன்றாவது, குளிர்சாதனம் எந்த அறையில் என்பது. கூடத்தில் ஒன்று மட்டும் வைத்துவிட்டு ‘குளிர்சாதன வீடு’ என்று போடுகிறவர்கள் உண்டு. நான்காவது, பதிவு எண். 2025 ஜனவரி முதல் இத்தாலியில் வாடகைக்கு விடும் சுற்றுலா வீடுகளுக்கு அரசு வழங்கும் அடையாளக் குறியீட்டு எண் கட்டாயம்; விளம்பரத்தில் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் படம் எத்தனை அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எங்கே எடுப்பது? பழைய ஊருக்குள் அழகு அதிகம், கல் பாவிய தெருவில் பெட்டிச் சக்கரம் உருளாது, வெளி வண்டிகள் நுழையவும் கட்டுப்பாடு. பெரியவர்கள் உடன் வந்தால், பழைய ஊரின் நுழைவாயிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட புதிய பகுதிதான் வசதி: லிஃப்ட் உள்ள அடுக்குமாடி, பக்கத்தில் சூப்பர் மார்க்கெட், கடற்கரைக்குச் சமதளமான நடை. இரண்டாம் முறை அங்கேதான் தங்கினோம். அம்மா தினமும் இரண்டு வேளை கடலுக்கு வந்தார்.

நம்மவர்கள் வெளியே கேட்கத் தயங்கி மனத்துக்குள் கவலைப்படும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கழிவறைக்குப் பக்கத்தில் பீங்கானில் இன்னொரு தொட்டி, குழாயோடு இருக்கும். அது கால் கழுவ அல்ல, கழிவறைக்குப் போனபின் தண்ணீரால் சுத்தம் செய்துகொள்ள. இத்தாலியில் 1975ஆம் ஆண்டு ஆணைப்படி வீடுகளில் ‘பிதே’ வைப்பது கட்டாயம். ஐரோப்பாவில் தண்ணீரின் அருமை தெரிந்த நாடு இது.

நகராட்சித் தங்கல் வரி ஒருவருக்கு ஓர் இரவுக்குச் சில யூரோ இருக்கும். பெரும்பாலும் போனதும் ரொக்கமாகக் கேட்பார்கள். குழந்தைகளுக்கு விலக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் எதை வைக்கலாம்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரத் தடை. அப்படியென்றால் நெய் பாட்டில் கூடாது, பால்கோவா கூடாது. தாவரங்களுக்கும் சான்றிதழ் வேண்டும். பச்சைக் கறிவேப்பிலைக் கொத்து நேரே குப்பைத் தொட்டிக்குப் போகும். விநோதம் என்னவென்றால், தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் விலக்கு அளித்திருக்கிறார்கள். அரைத்த சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, புளி, அப்பளம், ஐந்து லிட்டர் குக்கர், இவை போதும். அரிசி அங்கேயே வாங்கலாம். ‘ரிசோத்தோ’வுக்கென்று விற்பதை வாங்கினால் சாதம் குழையும். பாஸ்மதி என்று கேட்டு வாங்குங்கள்.

நம் ஊர் மூன்று முனை பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் வேண்டும். கடலுக்குப் போகும்போது பாறைப் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு ரப்பர் செருப்பு அவசியம். கடல் முள்ளெலி பாறை இடுக்கில் காத்துக்கொண்டிருக்கும்.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து வளைகுடா நாடு ஒன்றின் வழியாக ரோம். அங்கிருந்து பலேர்மோவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் விமானம். பலேர்மோ விமான நிலையம் நகருக்கு மேற்கே 35 கிலோமீட்டரில், புந்தா ரைஸி என்ற இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து மத்திய ரயில் நிலையத்துக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு. மத்திய நிலையத்திலிருந்து செஃபலூவுக்குப் பிராந்திய ரயில், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், கட்டணம் பத்து யூரோவுக்குள். நான்கு வயதுக்குக் கீழ் இலவசம், பன்னிரண்டு வரை பாதி.

பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பொறுமை இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. ரோமில் இரவு ரயில் ஏறுங்கள். விடிகிற வேளையில் இத்தாலிய நிலப்பரப்பின் முனையில் ரயில் நிற்கும். பெட்டிகளைப் பிரித்து, தண்டவாளம் பதித்த கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுவார்கள். ரயிலோடு கப்பல் மெஸ்ஸினா நீரிணையைக் கடக்கும். பயணிகள் இறங்கி மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கலாம். தனுஷ்கோடியில் போட் மெயிலிலிருந்து இறங்கி மூட்டையோடு கப்பல் ஏறிய கதையை என் அம்மா தன் அப்பாவிடம் கேட்டு வளர்ந்தவர். ரயிலே கப்பலேறுவதைப் பார்த்ததும் பேச்சே வரவில்லை. சில இரவு ரயில்கள் செஃபலூவிலேயே நிற்கும். பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். கைபேசியில் வாங்கினால் அதிலேயே ‘செக்-இன்’ செய்ய வேண்டும். இரண்டும் செய்யாத டிக்கெட் வாங்காத டிக்கெட்டுக்குச் சமம். பரிசோதகர் சிரித்த முகத்தோடே அபராதம் எழுதுவார். எனக்கு எழுதினார். நிலையத்தில் ‘ஷோபெரோ’ என்ற சொல் கண்ணில் பட்டால் வேலைநிறுத்தம் என்று பொருள். பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிப்பார்கள்; வார நாளானால் காலை ஆறு முதல் ஒன்பது வரையும் மாலை ஆறு முதல் ஒன்பது வரையும் அத்தியாவசிய ரயில்கள் ஓடும்.

கார் எடுப்பதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். பழைய ஊரின் கட்டுப்பாட்டு எல்லைக்குள் தெரியாமல் நுழைந்தால் கேமரா படம் எடுக்கும். நீங்கள் ஊர் திரும்பிய பல மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும். நிறுத்துமிடத்தில் நீலக் கோடு கட்டணம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் நமக்கில்லை.

ஒரு நாளின் ஓட்டம்

காலை ஏழரைக்குக் கடற்கரை. வெயில் மென்மை, நீர் கண்ணாடி. பதினொன்றரைக்கு ஏறிவிட வேண்டும். வழியில் ரொட்டியும் தக்காளியும் வாங்கி வீட்டுக்கு வந்து குளியல், சமையல், சாப்பாடு, தூக்கம். ஐந்து மணிக்கு இரண்டாவது ஆட்டம். கடற்கரை மேற்கு பார்த்தது. சூரியன் நீரில் இறங்குவதை மணலில் உட்கார்ந்தே பார்க்கலாம். எட்டு மணிக்கு மேல் ஊரே குளித்து உடுத்தி, பழைய ஊரின் நடுத்தெருவான கோர்ஸோ ருஜ்ஜேரோவில் மேலும் கீழுமாக நடக்கும். தாத்தா பாட்டி, தள்ளுவண்டிக் குழந்தை, எல்லோரும். ஒன்பதுக்குச் சாப்பாடு. பத்தரைக்கும் குழந்தைகள் பேராலயச் சதுக்கத்தில் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். பிற்பகல் தூங்காத பிள்ளையால் இதில் சேர முடியாது.

இடங்களைப் பார்ப்பதை இந்த ஓட்டத்தின் ஓரங்களில் செருகுங்கள், ஒரு நாளைக்கு ஒன்று. பேராலயத்துக்குக் காலையில் போங்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நார்மன் அரசர் இரண்டாம் ரோஜர் 1131இல் கட்டத் தொடங்கியது. புயலில் தப்பிக் கரைசேர்ந்த நேர்த்திக்கடன் என்று கதை. பலேர்மோவின் அரபு-நார்மன் கட்டடங்களோடு சேர்ந்து 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பீடத்துக்கு மேலே, 1148இல் முடிந்த பொன் மொசைக்கில் பிரம்மாண்டமான கிறிஸ்து. அவர் கையில் விரித்த புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் இலத்தீன். “நானே உலகின் ஒளி” என்ற ஒரே வாசகம், இரண்டு எழுத்தில்.

மந்திராலிஸ்கா அருங்காட்சியகம் சிறியது, அதுவே அதன் சிறப்பு. இரண்டு பொருள்கள் போதும். அந்தோனெல்லோ தா மெஸ்ஸினா வரைந்த பெயர் தெரியாத மனிதரின் முகம், பதினைந்தாம் நூற்றாண்டு. உதட்டோரம் ஒரு நக்கல் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் ஒரு பெண் ஓவியத்தின் கண்ணைக் கீறினாள் என்று ஒரு கதை சொல்வார்கள். இன்னொன்று கி.மு. நான்காம் நூற்றாண்டு மண் கலம். அதில் மீன்காரர் கத்தியோடு சூரை மீனை வெட்டிக்கொண்டிருக்கிறார், எதிரில் காசோடு ஒருவர் பேரம் பேசுகிறார். காசிமேட்டில் நின்று பார்த்தது போலவே இருந்தது என்றாள் என் மனைவி.

வெயில் ஏறும்போது ஒதுங்க ஓர் இடம் சொல்கிறேன். விட்டோரியோ எமனுவேலே தெருவில் அகலமான படிகள் கீழே இறங்கும். பாறைக்கு அடியில் ஓடிவரும் செஃபலீனோ ஆறு அங்கே 22 வாய்கள் வழியே, அவற்றில் பல சிங்க முகம், கல் தொட்டிகளில் விழுகிறது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் துணி துவைத்த துறை. ‘வெள்ளியைவிடத் தூயது, பனியைவிடக் குளிர்ந்தது’ என்று கல்வெட்டு பெருமை பேசுகிறது. துணியை அறைந்து அறைந்து வழுக்கிப்போன சாய்ந்த கல்லை அம்மா உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்தார். “படித்துறைக் கல் எங்கேயும் இப்படித்தான் தேயும் போலிருக்கிறது” என்றார். பிள்ளைகள் தண்ணீரில் கால் வைத்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

ரொக்கா எனப்படும் பெரிய பாறைக்கு ஏறுவது காலை எட்டரைக்குள், நல்ல காலணியோடு, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரோடு. கட்டணம் உண்டு. மழையில் வழுக்கும், மூடிவிடுவார்கள். பாதி வழியில் தியானா கோவில் என்று அழைக்கப்படும் பழங்காலப் பெருங்கல் கட்டடம். சிறுவர்களுக்கு அதுவரை போதும். பெரியவர்களை இதற்கு இழுக்காதீர்கள்.

கடலில் இறங்குமுன்

கடற்கரையில் இரண்டு வகை. ‘லீடோ’ என்பது குத்தகைப் பகுதி: குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு, கழிவறை, நன்னீர்க் குளியல். நாங்கள் ஒரு குடை, இரண்டு நாற்காலிக்கு நாளுக்கு முப்பது யூரோ அளவில் கொடுத்தோம். ஆகஸ்டில் ஏறும், முன்வரிசைக்கு இன்னும் ஏறும். ‘ஸ்பியாஜா லீபெரா’ என்பது இலவசப் பகுதி. சொந்தக் குடை நடலாம். ஆனால் நீர் விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் நடக்கிறவர்களுக்காக விட்டுவிட வேண்டும். அம்மா வந்த நாளில் லீடோ, வராத நாளில் இலவசம் என்று வைத்துக்கொண்டோம்.

வெள்ளைக் கொடி என்றால் இறங்கலாம். சிவப்பு என்றால் வேண்டாம். கடல் அமைதியாகத் தெரிந்தாலும் கொடிக்கு எதிராகப் பேசாதீர்கள். பெரிய அலையோ ஏற்றவற்றமோ இல்லாத கடல் என்பதால் நம் பிள்ளைகளுக்குப் பயம் சீக்கிரம் போய்விடும், அதுதான் ஆபத்து. ஜெல்லி மீன் தீண்டினால் தேய்க்காதீர்கள், நன்னீர் ஊற்றாதீர்கள். கடல்நீரால் கழுவி, பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடைக்குப் போங்கள். அவசரத்துக்கு 112, கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல் 1530. ஊரிலேயே பெரிய மருத்துவமனை இருக்கிறது. நீச்சலுடையோடு ஊருக்குள் நடக்கக் கூடாது. முழுக்கை உடையோடு கடலில் இறங்குவதை யாரும் கண்டுகொள்வதில்லை. மணலும் கூழாங்கல்லும் எடுத்துவருவது சட்டப்படி குற்றம், திரும்பும் முன் சின்னவர்களின் பையைச் சோதியுங்கள்.

சாப்பாடு, முக்கியமாகச் சைவர்களுக்கு

பாதி நாளைக்கு வீட்டுச் சாப்பாடு இருக்கிறது என்பதால் மீதியில் துணியலாம். ‘பனெல்லே’ நம் கடலை மாவுதான். நீரில் கிண்டி, ஆறவைத்து, மெல்லிய வில்லையாக வெட்டிப் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். பஜ்ஜி தின்று வளர்ந்த நாக்குக்கு அறிமுகமே தேவையில்லை. கத்திரிக்காய் போட்ட பாஸ்தா ‘அல்லா நோர்மா’, புளிப்பும் இனிப்புமான கத்திரிக்காய்க் கூட்டு ‘கபொனாத்தா’, இரண்டும் சைவம்.

பொறி எங்கே என்றால் ‘அரன்ச்சீனா’வில். பொன்னிறமாகப் பொரித்த சோற்று உருண்டை. கண்ணாடிப் பெட்டியில் இரண்டு வகை இருக்கும். ஒன்று ‘அல்லா கார்னே’, இறைச்சி. மற்றது ‘அல் பூர்ரோ’. பூர்ரோ என்றால் வெண்ணெய். வெண்ணெய் உருண்டைதானே என்று அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். நல்லவேளை, உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். உள்ளே பாலாடைக் கட்டியோடு பன்றி இறைச்சித் துண்டுகள். கீரை வைத்தது உண்டா என்று கேளுங்கள். “சென்சா கார்னே, சென்சா பெஷே” என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று பொருள். வெறும் ‘சைவம்’ என்றால் நெத்திலியைக் கணக்கில் சேர்க்காத சமையல்காரர்கள் இருக்கிறார்கள். நெத்திலி ‘அச்சூகா’, பீட்சாவிலும் பதுங்கும்.

காலையில் பழ உறைபனியான ‘கிரனீத்தா’வை ப்ரியோஷ் ரொட்டியோடு சாப்பிட்டுப் பாருங்கள். அந்த ரொட்டியின் தலையில் ஓர் உருண்டை இருக்கும். அதை ‘துப்போ’, கொண்டை என்கிறார்கள். கொண்டையைப் பிய்த்து உறைபனியில் தோய்ப்பதுதான் முறை. பாதாம், எலுமிச்சை, முசுக்கட்டை. காப்பிப் பிரியர்கள் ‘லாத்தே’ என்று மட்டும் கேட்டால் ஒரு தம்ளர் பால் வரும். ‘காஃபே லாத்தே’ என்று முழுதாகச் சொல்லுங்கள். உணவக ரசீதில் ‘கோபெர்த்தோ’ என்று தலைக்கு ஓரிரு யூரோ இருந்தால் ஏமாற்று அல்ல, இருக்கைக் கட்டணம்.

வாரத்தில் இரண்டு நாள் வெளியே

இரண்டுக்கு மேல் வேண்டாம். அரை நாளுக்குக் காஸ்தெல்புவோனோ: மலைமேல் கோட்டை ஊர், பஸ் உண்டு. அங்கே கோடையில் ஒரு வகை மரத்தின் பட்டையைக் கீறி, வடியும் பாலை வெயிலில் வெள்ளைக் குச்சியாக உறையவிட்டு ‘மன்னா’ எடுக்கிறார்கள். மெல்லிய இனிப்பு. பனம்பாளை சீவுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கத்தியின் சாய்வு புரியும்.

முழு நாளுக்குப் பலேர்மோ. காலையில் பல்லரோ சந்தை, பிறகு அரண்மனைச் சிற்றாலயம். ஞாயிறென்றால் பெல்லெக்ரினோ மலைமேல் புனித ரொசாலியாவின் குகைக் கோவிலுக்குப் பஸ்ஸில் ஏறுங்கள். 1624இன் கொள்ளைநோயில் நகரைக் காத்தவர் என்று பலேர்மோ நம்பும் புனிதை. போர்க்காலத்தில் இலங்கையை விட்டுவந்த தமிழர்கள் இந்நகரில் பெரும் எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். கிறிஸ்தவர், சைவர் என்ற வேறுபாடில்லாமல் இந்த மலைக்கு வருகிறார்கள். பாறையிலிருந்து நீர் சொட்டும் அந்தக் குகைக்குள், பக்கத்தில் நின்ற ஓர் அம்மா தமிழில் வேண்டிக்கொண்டது காதில் விழுந்தது. என் அம்மாவும் அவரும் பேசத் தொடங்கி, நாங்கள் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டோம்.

கடைசி நாள்

வீட்டைப் பத்து மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள், விமானம் இரவில் இருக்கும். பெட்டிகளை மாலை வரை வைத்திருக்க முடியுமா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். ரயில் டிக்கெட்டை முந்தின இரவே வாங்கி வையுங்கள். பலேர்மோவிலிருந்து வரும்போது கடல் ரயிலின் இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். ஜன்னலோரத்தில் யாரை உட்காரவைப்பது என்பதை ரயில் வரும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை.